தலைவர் தலையில் விழுந்த பல்லி

அத்தியாயம் ஆறு

“என்ரை மனிசனைக் களவெடுத்துப்போட்டாங்கள், தம்பி!”

செலஸ்ரீனா படியேறி வந்த வேகத்தில் துப்பறிவாளர் ஏர்னஸ்றின் மேசை ஒருதரம் ஆடி நின்றது. சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில், பல்லறோ சந்தைக்குப் பக்கத்தில், ஒரு தொலைபேசிக் கடையின் மாடியில் இருந்தது அவருடைய அறை. வாசலில் ‘உண்மை காணும் நிலையம்’ என்று பெயர்ப்பலகை. பலெர்மோத் தமிழரிடையே கொலை, கொள்ளை என்று பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஆகவே ஏர்னஸ்ற் பிழைத்தது மாப்பிள்ளை விசாரணையில். பையன் குடிக்கிறானா, குடித்தால் எங்கே விழுகிறான், விழுந்தால் யார் தூக்குகிறார்கள் என்று பெண் வீட்டாருக்குச் சொல்வது அவர் தொழில். நேர்மையான மனிதர். அதனால் பல கல்யாணங்கள் நின்றுபோயிருந்தன.

உதவியாளர் ஜெசிக்கா பலெர்மோவில் பிறந்தவள். காலையில் லிபெர்த்தா வீதியில் ஒரு பணக்கார இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் நாயை மேய்ப்பாள், பின்னேரம் ஏர்னஸ்றை மேய்ப்பாள். இரண்டில் நாய்தான் சொல்வழி கேட்கும் என்பது அவளுடைய அபிப்பிராயம்.

“அன்ரி, ஸ்ரான்லி அங்கிள் போன வருசமே செத்துப்போனாரே. செத்தவரை ஆர் களவெடுக்கிறது?” என்றாள் ஜெசிக்கா.

“செத்தவரைத்தான் பிள்ளை சுகமாக் களவெடுக்கலாம். அவர் சத்தம் போடமாட்டார்.”

செலஸ்ரீனா கைப்பையிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து மேசையில் போட்டார். பலெர்மோத் தமிழர் பொச்சே கழகத்தின் வெள்ளிவிழா மலர். பொச்சே என்றால், சின்னப் பந்து ஒன்றை மண்ணில் எறிந்துவிட்டுப் பெரிய பந்துகளை அதற்குக் கிட்ட உருட்டுவது. யாருடைய பந்து கிட்ட நிற்கிறது என்று சண்டை பிடிப்பதுதான் விளையாட்டில் முக்கால் பங்கு. எம்மவர்களுக்கு அது உடனே பிடித்துப்போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

மலரின் முதற்பாதி வாழ்த்துச் செய்திகள். மறுபாதி தலைவர் கோபாலசிங்கத்தின் படங்கள். நடுவில் ஒட்டிக்கொண்டு கழக வரலாறு. எழுதியவர் சூரிச்சில் வாழும் ‘வரலாற்றுப் பேராழி’ ஒருவர். பலெர்மோவுக்கு வந்ததில்லை, பொச்சேயைக் கண்டதில்லை. அந்தத் தகுதி போதும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

ஜெசிக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். “தைத் திங்கட் கடுங்குளிரில், அல்பெர்கேரியாவின் ஒழுங்கையொன்றிலே எம் தலைவர் சிந்தனை வயப்பட்டு நடந்துசெல்லும் வேளை, விண்ணின்று பல்லியொன்று அன்னாரின் சிரசிலே வீழ்ந்தது. அக்கணமே கழகம் பிறந்தது.”

“கடைசிப் பக்கத்தை வாசியும்” என்றார் செலஸ்ரீனா.

கடைசிப் பக்கத்தின் கடைசி வரி: தேநீர் உபசாரம், அமரர் ஸ்ரான்லி.

“பாத்தியளே தம்பி? செத்தும் என்ரை மனிசன் தேத்தண்ணி ஊத்திறார்.” அந்த வரியை விரலால் குத்திக் காட்டினார். “அவர்தான் தொடங்கினவர். அவர் பாத்துக்கொண்ட கிழட்டுச் சிஞ்ஞோரே சாகேக்கை குடுத்த பொச்சேப் பெட்டி அது. எங்கடை வீட்டுக்குக் கீழை கிடந்த வெறும் வளவிலை, முதல் முதல் அவர்தான் பெட்டியைத் திறந்தவர். இண்டைக்கு அஞ்சு மணிக்கு இந்தப் பல்லிக் கதையைக் கல்லிலை வெட்டித் திறக்கப் போகினம். மலரை ஒருத்தரும் வாசியாயினம். கல்லு அப்பிடியில்லைத் தம்பி. நாங்கள் எல்லாரும் போனாப்பிறகும் அங்கை நிக்கும்.”

“அண்டைக்கு ஏன் அக்கா அவர் பெட்டியோடை கீழை இறங்கினவர்?” என்றார் ஏர்னஸ்ற்.

செலஸ்ரீனா யன்னலைப் பார்த்தார். “வீட்டிலை இடமில்லை.”

ஏர்னஸ்ற் அந்தப் பதிலை மனதில் ஒரு மூலையில் வைத்தார். இருபது வருடம் மாப்பிள்ளைகளை விசாரித்தவருக்கு, ஆட்கள் எப்போது யன்னலைப் பார்ப்பார்கள் என்பது தெரியும்.

“ஜெசிக்கா, தை மாதத்திலை இஞ்சை பல்லி கண்டிருக்கிறியோ?”

“தை மாதத்திலை நானே போர்வையை விட்டு வெளியிலை வாறதில்லை அங்கிள். பல்லி என்னை விடச் சோம்பேறி.”

“கோபாலசிங்கத்தாற்றை தலையிலை ஒரு காயத் தழும்பு இருக்கெல்லே?”

“ஓம். இடது காதிலையிருந்து வலது காது மட்டும் தலைமயிரை இழுத்து மூடி வைச்சிருக்கிறார். காத்தடிச்சால் கதவு திறந்தமாதிரி இருக்கும்.”

“பல்லி விழுந்து மண்டை உடையுமோ?”

“அது ஹெல்மெற் போட்டுக்கொண்டு விழுந்திருந்தால் உடையும்.”

ஏர்னஸ்ற் தொப்பியை எடுத்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் பலெர்மோவில் வீட்டுவேலை செய்கிற எல்லாருக்கும் ஓய்வு. கழக மைதானம் நிறைந்திருந்தது. மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாம் உலக யுத்தத்தில் இடிந்த வீடு ஒன்று விட்டுப்போன வளவு, இரண்டு பக்கமும் மாடிகள், நடுவில் மண். ஒரு மூலையில் மேடை. மேடைச் சுவரில் பச்சைத் துணியால் மூடிய கல். ஒலிபெருக்கிக்காரர் “ஹலோ, ஹலோ” என்று மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். தமிழர் விழாவில் மிக ஒழுங்காக நடக்கும் நிகழ்ச்சி அது ஒன்றுதான். கழகத்தில் ஏறக்குறைய எல்லாரும் செயற்குழு உறுப்பினர்கள். மிச்சம் இரண்டு பேர் எதிர்க்கட்சி.

விழா தொடங்குமுன் சிலர் ஒரு ஆட்டம் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“டேய், பல்லி ஆற்றை காலுக்குள்ளை?” என்று செயலாளர் றஞ்சித் கத்தினார். “பல்லியைத் தூக்கி எறி!”

ஜெசிக்கா துள்ளிக் கதிரைமேல் ஏறினாள். ஆனால் றஞ்சித் குனிந்து எடுத்தது வால் இல்லாத பல்லி. எலுமிச்சங்காய் அளவில் ஒரு மரப்பந்து. ஆட்டத்தைத் தொடங்க முதலில் எறிகிற அந்தச் சின்னப் பந்து.

கதிரைமேல் நின்றபடியே ஜெசிக்கா சிரிக்கத் தொடங்கினாள். “பல்லினோ! அங்கிள், அந்தப் பந்துக்கு இத்தாலியன் பேர் பல்லினோ. இவையின்ரை வாயிலை பல்லி மட்டும்தான் மிஞ்சியிருக்கு, ‘னோ’ கழண்டு போச்சு.”

“கழராமல் என்ன செய்யும்? சிஞ்ஞோராமாரிட்டை வேலை செய்யிற ஆக்களின்ரை வாயிலை ‘நோ’ எங்கை நிக்கிறது?” என்றார் ஏர்னஸ்ற். பிறகு றஞ்சித்தைக் கூப்பிட்டார். “தம்பி, தலைவற்றை தலையிலை விழுந்தது எந்தப் பல்லி எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையோ?”

“சுவர்ப் பல்லி எண்டுதான் அவற்றை மனிசி ஊரெல்லாம் சொல்லுவா. நாங்கள் ஏன் அண்ணை தலைவற்றை தலைக்குள்ளை போறம்? கேள்வி கேட்டவை எல்லாம் இப்ப எதிர்க்கட்சி.”

மேடைக்குப் பின்னால் கோபாலசிங்கம் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பொன்னாடை வாங்கி வாங்கியே முன்பக்கம் வளைந்துவிட்ட கழுத்து. ஏர்னஸ்ற் வணக்கம் சொன்னார்.

“ஐயா, ஒரு சின்னக் கேள்வி. உங்கடை தலையிலை விழுந்தது சுவரிலை ஊருற பல்லியோ, மண்ணிலை உருளுற பல்லியோ?”

தலைவர் இடமும் வலமும் பார்த்தார். “உமக்கேன் காணும் இந்த விசர் வேலை? ஒரு மாப்பிள்ளையும் அகப்படேல்லையோ?”

அந்த நேரம் செலஸ்ரீனாவும் வந்து சேர்ந்தார். “ஐயா, ஸ்ரான்லிதான் தொடங்கினவர் எண்டு ஒரு சொல்லுப் போடுங்கோ. வேறை ஒண்டும் கேக்கேல்லை.”

கோபாலசிங்கம் குரலைத் தாழ்த்தினார். முகத்தில் இரக்கம் போல ஒன்று வந்தது.

“செலஸ்ரீனா, இதை நான் சொல்லக்கூடாது எண்டுதான் இருந்தனான். ஓம், விழுந்தது மரப்பந்துதான். எறிஞ்சது ஆர் தெரியுமோ? உம்முடைய மனிசன். தன்ரை வாயாலை ஒத்துக்கொண்டவர், தொத்தோவின்ரை மீன்கடைக்கு முன்னாலை, சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிக்க. பல்லி எண்டு சொல்லி நான்தான் அவற்றை மானத்தைக் காப்பாத்தினனான். உண்மைதான் வேணுமெண்டால் மைக்கிலை சொல்லுறன். ஸ்தாபகர் எண்டோ மண்டை உடைச்ச ரவுடி எண்டோ, எது வேணும் எண்டு நீரே சொல்லும்.”

செலஸ்ரீனாவின் முகம் வெளிறியது. பிறகு ஏர்னஸ்றின் கையைப் பிடித்தார்.

“வேண்டாம் தம்பி. விடுங்கோ. தேத்தண்ணியே போதும்.”

ஏர்னஸ்றுக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வருவது குறைவு, வந்தால் மிகவும் அமைதியாகிவிடுவார். ஒருவர் தலைவருக்கு மாலை அளவு பார்க்க வந்தார். தலைவர் குனிந்தார். இழுத்து மூடிய தலைமயிர் கதவு போலத் திறந்தது. ஏர்னஸ்ற் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே நடந்தார்.

“நெத்தியிலை இல்லை, பிடரியிலை இல்லை. நடு உச்சியிலை” என்றார் ஜெசிக்காவிடம். “பந்து மேலையிருந்து விழுந்திருக்கு.”

“ஸ்ரான்லி அங்கிள் என்ரை தோள் மட்டும்தானே வருவார். உச்சியிலை போடுறதெண்டால் ஏணி வைச்செல்லோ எறியவேணும்?”

“அதுதான். அண்டைக்கு ஸ்ரான்லி எங்கை நிண்டவர்? தொத்தோவைக் கேப்பம். அக்கா, நீங்களும் வாங்கோ.”

மீன்காரர் தொத்தோவின் கடை அன்றும் இன்றும் வளவின் முகப்பில்தான். கேள்வியைக் கேட்டதும் கிழவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய சிசிலியனைத் தமிழில் போட்டால் இப்படி வரும்:

“மறக்கிற விசயமா அது? மேலேயிருந்து வந்தது பந்து. இந்தத் தலைவர் மண்டையில் பட்டுத் துள்ளி, என் கணவாய்ப் பெட்டிக்குள் விழுந்தது. மனிசர் போட்ட சத்தத்தில் சந்தையே நின்றுவிட்டது. குவெஸ்தூராவுக்குப் போறேன், பொலிசைக் கூப்பிடு என்று ஆடினார். அப்போது ஸ்ரான்லி கத்தினான், ‘சோனோ ஸ்தாத்தோ இயோ!’ என்று.”

“நான்தான் செய்தது” என்று ஜெசிக்கா மெல்லத் தமிழில் சொன்னாள்.

“ஸ்ரான்லி அப்போது எங்கே நின்றார்?” என்றார் ஏர்னஸ்ற்.

“எங்கே நிற்பான்? நீ நிற்கிற இடத்தில்தான். இரண்டு கையிலும் என்னுடைய சாளை மீன். ஒழுகிக்கொண்டிருக்கிறது. மூக்கைச் சொறியக்கூடக் கையில்லை அவனுக்கு, பந்து எறிந்தானாம்!” தொத்தோ சிரித்தார். “சிசிலியில் செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்கிறவர்கள் இரண்டு வகை. ஒன்று புனிதர். மற்றது புருசன்.”

அவர் கத்தியால் மேலே காட்டினார். மூன்றாம் மாடி. பச்சை யன்னல்.

ஏர்னஸ்ற் யன்னலைப் பார்க்கவில்லை. செலஸ்ரீனாவைப் பார்த்தார். அவர் கவிழ்த்து வைத்த மீன்பெட்டி ஒன்றில் மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தார்.

“அதுதான் அப்ப எங்கடை வீடு. ஒரு அறை தம்பி எங்களுக்கு” என்றார் செலஸ்ரீனா. “கட்டிலும் குசினியும் ஒண்டு. அதுக்குள்ளை இந்தப் பெட்டியையும் கொண்டுவந்து வைச்சிட்டு மீன் வாங்கப் போட்டார். நான் கால் இடறி விழுந்திட்டன். முழங்கால் உரிஞ்சு போச்சு. வந்த கோவத்துக்குக் கையிலை அகப்பட்டதை எடுத்து யன்னலாலை எறிஞ்சிட்டுக் கதவைச் சாத்தினனான். கீழை ஆர் எண்டும் பாக்கேல்லை. தெருவிலை சத்தம் கேட்டது. பல்லறோவிலை எப்பவும் சத்தம்தானே? கொஞ்ச நேரத்தாலை அவர் வந்தவர். மீனை வைச்சார், பெட்டியைத் தூக்கினார், ‘இதைக் கீழை வைச்சு விளையாடுறம்’ எண்டார். வேறை ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

“அக்கா, அண்டைக்கு உங்களிட்டைப் பெர்மெஸ்ஸோ இருந்ததோ?”

பெர்மெஸ்ஸோ என்பது இங்கே இருக்கலாம் என்று அரசாங்கம் தருகிற பத்திரம். அது இல்லாத காலத்தில் சீருடையைக் கண்டாலே தெருவின் மறுபக்கம் போனதைப் பலெர்மோவில் பழைய ஆட்கள் மறக்கமாட்டார்கள்.

செலஸ்ரீனா தலையை நிமிர்த்தாமலே சொன்னார். “அவரிட்டை இருந்தது. எனக்கு இல்லை.”

“பொலிஸ் மேலை வந்து தட்டியிருந்தால் கதவைத் திறந்திருக்கிறது நீங்கள். அதுதான் அவர் கத்தினவர்.”

மேடையில் மணி ஐந்து. அறிவிப்பாளர் தலைவரைக் கல் திறக்க அழைத்தார். ஜெசிக்கா மேடையில் ஏறி, “நன்றியுரை” என்று சொல்லி மைக்கை வாங்கினாள். எங்கள் விழாக்களில் நன்றியுரையை ஒருவரும் கேட்பதில்லை, ஆனால் ஒருவரும் தடுப்பதுமில்லை. அவள் மைக்கை ஏர்னஸ்றிடம் கொடுத்தாள். அவர் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். விழுந்தது பல்லினோ. சாளை மீனோடு நின்றவர் பந்து எறியவில்லை. எறிந்தது மூன்றாம் மாடி யன்னல்.

“ஆனபடியால் ஐயாவிட்டை ஒரு கேள்வி” என்று முடித்தார். “பொலிசுக்குப் போகாமல் இருக்க ஸ்ரான்லியிட்டை என்ன வாங்கினியள்?”

கோபாலசிங்கம் பாய்ந்து மைக்கைப் பிடித்தார். அங்கேதான் பிழை விட்டார். மைக் கையில் இருந்தால் உண்மையும் பேச்சுப்போல வந்துவிடும் அவருக்கு.

“நானோ கேட்டனான்? அவர்தான் காலிலை விழாத குறையாச் சொன்னவர்! ‘அண்ணை, குவெஸ்தூராவுக்குப் போகாதேங்கோ, பெட்டியைத் தாறன், கழகம் ஒண்டு தொடங்குவம், நீங்கள் தலைவராய் இருங்கோ, நான் பின்னாலை நிக்கிறன்’ எண்டு. யன்னலிலை வளையல் போட்ட கையை நானும் கண்டனான்! கண்டும் இண்டைவரைக்கும் வாய் திறக்கேல்லை. அது பெருந்தன்மை இல்லையோ?”

தான் சொன்னது என்ன என்று தலைவருக்கே ஒலிபெருக்கியில் கேட்டபிறகுதான் விளங்கியது.

முதல் வரிசையில் அவருடைய மனைவி ஞானாம்பிகை எழும்பினார். விபூதிப் பூச்சும் விரதக் களையுமாக மெலிந்த மனுசி.

“அப்ப உங்கடை தலையிலை பல்லி விழேல்லையோ?”

“ஞானம், நான் பல்லினோ எண்டுதான் சொன்னனான். நீ அரைவாசியிலேயே குளறி அழத் தொடங்கிட்டாய்.”

“தலையிலை பல்லி விழுந்தால் கலகம் எண்டு சாத்திரம்! அந்தத் தோசம் கழிய அண்டையிலையிருந்து வெள்ளிக்கு வெள்ளி பட்டினி கிடக்கிறன். மிச்ச அரைவாசியைச் சொல்ல உங்களுக்கு இருபத்தைஞ்சு வருசம் காணாதோ?”

அவர் மேடையேறி, தலைவரின் கழுத்திலிருந்த பொன்னாடையை உருவி மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். நேரே தேநீர் மேசைக்குப் போய் இரண்டு வடையை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். கோபாலசிங்கம் எந்தப் பக்கத்தால் இறங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

ஆட்சி மாற்றம் எங்கள் கழகங்களில் வேகமாக நடக்கும். வளையல் கையைத் தாங்களும் அன்றே கண்டதாகச் செயற்குழுவில் நாலைந்து பேர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதில் ஒருவர் அப்போது பலெர்மோவுக்கே வந்திருக்கவில்லை. றஞ்சித் செலஸ்ரீனாவிடம் ஓடிவந்தார்.

“அக்கா, கல்லை மாத்துவம். ‘ஸ்தாபகர் ஸ்ரான்லி’ எண்டு பெரிய எழுத்திலை வெட்டுவம். வெட்டுற ஆளும் இஞ்சைதான் நிக்கிறார். வந்து ரெண்டு சொல்லுக் கதையுங்கோ.”

செலஸ்ரீனா மைக்குக்கு முன்னால் போய் நின்றார். தான் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது, ஆனால் அந்த முகத்தில் அது தெரியவில்லை.

“நானும் ஒரு உண்மை சொல்லவேணும். நான் அந்த மனிசனை ஏசாத நாளில்லை. ஆரும் படம் எடுத்தால் பின்னாலை போய் நிப்பார். சாப்பாட்டுக்கு வரிசையெண்டால் கடைசி. ‘உங்களுக்கு முன்னுக்கு வரத் தெரியாதோ, கோபாலசிங்கத்தைப் பாருங்கோ, அவரெல்லோ மனிசன்’ எண்டு ஏசினனான். ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கையும் ஏசினனான். சிரிச்சவர். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உன்னாலைதான் பின்னாலை நிக்கிறன் எண்டு சொல்லியிருக்கலாமே?”

செலஸ்ரீனா றஞ்சித்தின் பக்கம் திரும்பினார்.

“கல்லிலை ஸ்தாபகர் எண்டு போடவேண்டாம் தம்பி. நான் ஏசினதையே போடுங்கோ. ‘முன்னுக்கு வரத் தெரியாத மனிசன் ஸ்ரான்லி தொடங்கின கழகம்.’ இத்தாலியனிலையும் போடுங்கோ. தொத்தோவும் வாசிக்கட்டும்.”

கல் வெட்டுகிறவர் சிசிலியர். அவருக்கு இத்தாலியனில் எழுதிக்கொடுக்க ஜெசிக்கா கைபேசியை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். ஏர்னஸ்ற் ஒரு பகிடிக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

“அங்கிள்” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நான் என்னத்தை எழுதினாலும் அன்ரி ஏசினமாதிரி வருகுதில்லை.”

“அப்ப அந்த ஏச்சைத் தமிழிலேயே விடு” என்றார் ஏர்னஸ்ற். “என்னெண்டு கேக்கிறவைக்குக் கழகத்து ஆக்களே கதையைச் சொல்லட்டும்.”